வெள்ளிக்கிழமை மூன்று நிமிடம்

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு கமீலா அந்தப் பச்சைச் சால்வையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். தந்தாள் என்று சொல்ல மாட்டேன், போட்டாள். என் தங்கச்சிக்குக் கோபம் வந்தால் வீட்டுச் சாமான்கள்தான் முதலில் அடிவாங்கும். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

“இத்தாவில இரிக்கிற பொம்புள கலர்ச் சால்வ போடலாமெண்டு எந்தக் கிதாபுல எழுதியிரிக்கி, ராத்தா?”

“மூணு நிமிசம்தானேகா.”

“அந்த மூணு நிமிசத்துக்கு அல்லாஹ் பாக்காம இரிக்கிறானா?”

என் கணவர் சீனிமுகம்மது மௌத்தாகி அன்றைக்கு ஐம்பத்தோராவது நாள். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, நகை கழற்றி, வீட்டு வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நான் நிந்தவூரில் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். வகுப்பில் கதிரை இருந்தாலும் உட்கார்ந்து பழகாதவள். இப்போது என் சீதன வீட்டின் நடு அறையில், யன்னலுக்கு இரட்டைத் திரை போட்டு, ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு குர்ஆன் என்று ஒடுங்கிப்போனேன். வந்து பார்த்த பெண்களெல்லாம் நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்தோடு தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அது குற்றமில்லை. எவ்வளவு நாளைக்குத்தான் ஒரு கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்?

சால்வையை வெள்ளைக்கு மேலே சுற்றிக்கொண்டு, சுவரோரம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கமீலா ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்து “ம்” என்றாள். நான் சிரித்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மகன். சோறு திண்டீங்களா? வாப்பா இரிக்கல்ல, பெரும்போகக் கூட்டத்துக்குப் போயிட்டார். தண்ணி திறக்கிற திகதி இன்னும் முடிவாகல்லையாம், ஒரே சண்டையாம்…”

கூட்டம் நடந்தது உண்மை. சண்டையும் நடந்திருக்கும், நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். அவர் போனார் என்பது மட்டும் பொய். அவர் வட்டவிதானை. எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுக்கிற வேலை அவருடையது. அந்த வேலையில் இருக்கிற மனிதனை வீட்டில் காணவில்லை என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

எங்கள் ஒரே மகன் நிப்றாஸ் ஜேர்மனியில் ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறான். அந்தக் கட்டடத்தைக் கப்பல் என்று சொல்ல வேண்டும், அது அங்கே சட்டம். செவ்வாய்க்கு மனிதர் போனால் அந்த நீண்ட பயணத்தில் அவர்களுக்கு என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதற்காக ஆறு பேரை இருநூற்று நாற்பது நாள் உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். யன்னல் கிடையாது. பாவித்த தண்ணீரையே சுத்தமாக்கித் திரும்பப் பாவிக்க வேண்டும். விண்வெளியில் எலும்பு தேயுமென்பதால் நாளுக்கு இரண்டு மணிநேரம் ஓட்ட மெஷினில் ஓட வேண்டும். தூரம் போகப்போகச் செய்தி போய்ச்சேரவும் நேரமாகும் என்பதால், அதையும் வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள். இப்போது போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அதனால் கதைக்க முடியாது. கிழமைக்கொரு தடவை மூன்று நிமிட வீடியோ மட்டும் அனுப்பலாம். அவனுடையது வெள்ளி காலையில் வரும், என்னுடையது வெள்ளி பின்னேரம் போகும். ஃபோனில் அவர்கள் போட்டுத் தந்த செயலி மூன்று நிமிடமானதும் தானாக நின்றுவிடும். சலாம் சொல்லி முடித்தாலும் சரி, முடிக்காவிட்டாலும் சரி.

அவன் உள்ளே போவதற்கு முன்பு குடும்பத்துக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். நிரப்ப வேண்டிய கேள்விகள் இருபதுக்கு மேல் இருந்தன. ஒரு கேள்வி இப்படி: பயணத்தின்போது நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்தால், குழு உறுப்பினருக்கு அறிவிக்க வேண்டுமா? ஆம், வேண்டாம் என்று இரண்டு பெட்டி. நிப்றாஸ் அதை எங்களிடமே விட்டுவிட்டான்.

“வாப்பாவும் உம்மாவும் முடிவெடுங்க. என்ன போட்டீங்க எண்டு எனக்குச் சொல்லவேணாம்” என்றான்.

நான் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இவர் பிடுங்கி ‘வேண்டாம்’ பெட்டியில் சரி போட்டார்.

“செவ்வாய்க்குப் போற வழியில மௌத்து விசளம் சொல்லி என்ன பிரயோசனம்? கல்முன பஸ்ஸா, இறங்கி மற்றப் பஸ்ஸில திரும்பி வாறத்துக்கு?”

“இது உண்மையான பயணம் இல்லதானே. கதவத் திறந்தா றோடு.”

“அதுக்காகத்தான் சொல்றன். புள்ள வந்திடுவான். ஆறு பேரில ஒருவன் வந்தா மற்ற அஞ்சு பேரிட பாடும் போச்சு. வாய்க்கால்ல ஒரு இடத்தில உடைச்சா கடசி வயல் காயும்.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ மௌத்தானாலும் நான் சொல்லமாட்டன். பயப்படாத.”

மௌத்தாகப் போவது தானென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நிப்றாஸ் உள்ளே போய் எண்பத்து மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, வயலில் மாரடைப்பு. அன்று அஸருக்கே அடக்கிவிட்டோம். நாங்கள் அறிவித்ததும், மறுநாள் அந்தக் கட்டடத்தை நடத்துகிற நிறுவனத்திலிருந்து ஒரு பெண் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். அனுதாபம் சொல்லிவிட்டு, நீங்கள் விரும்பினால் அந்த முடிவை எப்போதும் மாற்றலாம், ஒரு வரி எழுதினால் போதும் என்று முடித்திருந்தாள். ஒரு வரிதான். ஏழு வெள்ளிக்கிழமைக்கு மேலாகியும் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கமீலா கேட்டால் மூன்று காரணம் சொல்வேன். அது அவருடைய கடைசி விருப்பம், வஸிய்யத்து மாதிரி. மற்றது, அவன் வந்தாலும் ஜனாஸாவின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. மூன்றாவது, வராமல் உள்ளேயே இருந்தால் அந்தப் பெட்டிக்குள் அந்நிய மனிதர் நடுவே தனியாகக் கிடந்து அழுவான். இந்த மூன்றும் உண்மைதான். நாலாவது ஒன்று இருந்தது, அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அவர் இன்னும் உயிரோடு இருந்தார். அந்த ஒரு ஆளையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை. படித்தவள்தான், இருந்தாலும் மனம் வரவில்லை.

கமீலாவிடமும் ஒரு காரணம் இருந்தது. அது என் மூன்றையும் தூக்கிச் சாப்பிடக்கூடியது.

“மௌத்தானவருக்குப் பின்னால போய்ச்சேருறது புள்ளட துஆ. ஒரு புள்ள. அந்தப் புள்ள வாப்பாவுக்கு நீண்ட ஹயாத்தக் கேட்டு துஆ செய்துகொண்டிரிக்கான். கபுறில கிடக்கிற மனிசனுக்கு ஹயாத்து எதுக்கு? பாவமன்னிப்பு, மஃபிறத்தெல்லுவா வேணும்? வட்டவிதானையிட பொஞ்சாதி தண்ணிய மறிச்சு வச்சிக்கொண்டு இரிக்கிறீங்க ராத்தா, அதுவும் அவரிட வயலுக்குப் போற தண்ணிய.”

அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவள் ஆணம் நன்றாகத்தான் ஆக்கியிருந்தாள்.

கிழமைகள் போயின. மூன்று நிமிடத்தை நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடப் பாடம் எடுத்தவள், மூன்று நிமிடத்துக்குச் செய்தி தேடி அலைந்தேன். அறைக்குள் இருந்தபடி எதைச் சொல்வது? மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். பாண் விற்கிற ஓட்டோக்காரன் வாசிக்கிற மெட்டை மாற்றிவிட்டான் என்றேன். மெயின் றோட்டில் பஸ்காரன் “கல்முன, கல்முன” என்று கத்துகிற குரல் புதுக் குரல் என்றேன். இரண்டு பள்ளிவாசலின் பாங்கும் அரை நிமிட இடைவெளியில் வருவதையும், ஐப்பசி பிறந்ததும் கடல் இரைகிற சத்தம் படுக்கைவரை கேட்பதையும் சொன்னேன். நடுவில் மறக்காமல் வாப்பாவை ஒரு தடவை வயலுக்கோ பள்ளிக்கோ அனுப்பிவைத்தேன்.

அவனுடைய வீடியோக்களைப் பத்துத் தடவை பார்ப்பேன். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஒருத்தி பல் தீட்டுகிற சத்தம் இன்னொருத்தனுக்குப் பிடிக்காமல் இரண்டு நாள் சண்டை என்றான். தக்காளிச் செடியில் ஒரு காய் வந்ததும் ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்களாம். முடிக்கும்போது, “வாப்பாவுக்கு ஸலாம் சொல்லுங்க” என்பான். அந்த இடம் வரும்போது நான் வீடியோவை நிறுத்திவிட்டு, “வஅலைக்குமுஸ்ஸலாம்” என்று அவருக்காகச் சொல்வேன். வேறு யார் சொல்வது?

ஐம்பத்தெட்டாம் நாள் வந்த வீடியோவில் அந்த ஸலாம் இல்லை. நேரம் போதாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். அறுபத்தைந்தாம் நாளும் இல்லை. எழுபத்திரண்டாம் நாளும் இல்லை. வாப்பா என்ற சொல்லே இல்லை. தக்காளி இருந்தது, ஓட்ட மெஷின் இருந்தது, என் மருந்தைப் பற்றி விசாரணை இருந்தது, பெற்ற தகப்பனைக் காணவில்லை.

குடும்பத்துக்கென்று நிறுவனம் அனுப்பிய கைநூலைத் தேடி எடுத்து மறுபடியும் வாசித்தேன். பாதி வழி கடந்த பிறகு பயணிகளுக்கு ஒரு கெட்ட காலம் வரும் என்று அதில் இருந்தது. வீடு தூரமாகிவிடும். வீட்டார் சொல்வது சின்ன விசயமாகப் படும். சிலரை மறந்ததுபோல் நடந்துகொள்வார்கள். அதைக் கோபமாக எடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. நான் கோபமாகத்தான் எடுத்தேன். செத்துப்போன மனிதனைச் சுகமா என்று கேட்கவில்லையே என்று உயிரோடு இருக்கிற மகன்மேல் கோபப்பட்டேன். இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு மண்டை பிசகிவிட்டது என்றிருப்பேன்.

அன்று பின்னேரம் பச்சைச் சால்வையோடு உட்கார்ந்து, கமீலா “ம்” சொல்லும் முன்பே தொடங்கிவிட்டேன்.

“நீங்க மூணு கிழமையா வாப்பாவப் பத்தி ஒரு வார்த்த கேக்கல்ல மகன். பெரிய ஆளாகிட்டீங்களா? வாப்பாவுக்குச் சரியான மனவருத்தம். நேத்தும் சோத்தில கைய வச்சிக்கொண்டு, ‘அவன் என்ன மறந்திட்டான்கா’ எண்டு சொன்னார்.”

முடிந்ததும் கமீலா சால்வையை எடுத்து, எதையும் தட்டாமல் கொட்டாமல், மெதுவாக மடித்துக்கொண்டு போனாள். அவள் சாமான்களை அடிக்காமல் போனது எனக்குப் பயமாக இருந்தது.

எழுபத்தொன்பதாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. வீடியோ ஒன்பது மணிக்கு வந்தது. கமீலாவும் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் முகம் காட்டவில்லை. ஸலாமும் சொல்லவில்லை. படத்தில் அவன் முதுகு தெரிந்தது. தலையில் தொப்பி. ஒடுக்கமான நடைவழியில் ஒரு விரிப்பைப் போட்டு நின்றான். கையை உயர்த்தி, ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டினான். தொழுகிறான், நேரம் தெரியாமல் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் போனது. குனிவான் என்று பார்த்தேன், குனியவில்லை. நின்றபடியே இன்னொரு தக்பீர் சொன்னான். கையில் கோப்பையோடு அந்தப் பக்கத்தால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, அவனைக் கண்டு அப்படியே நின்றது. மூன்றாவது தக்பீர். ருகூஉ இல்லை, ஸுஜூது இல்லை.

கமீலா தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

குனியாமல், நெற்றி நிலத்தில் படாமல், நின்றபடி நாலு தக்பீரோடு முடிகிற தொழுகை ஒன்றே ஒன்றுதான். அதை எந்தப் பிள்ளையும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. என் மகன் தூரத்திலிருந்தபடி மௌத்தான தன் வாப்பாவுக்கு ஜனாஸாத் தொழுகிறான்.

நாலாவது தக்பீருக்குப் பிறகு வலம் இடம் ஸலாம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து முன்னால் உட்கார்ந்தான். கண் வீங்கியிருந்தது.

“உம்மா, இண்டைக்கு உங்களுக்கு எத்தினையாவது நாள்?”

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையென்று கமீலா சத்தத்தைக் கூட்டினாள்.

“இது ரெண்டாந்தரம் தொழுறன். முதல் தொழுகைய உங்களுக்குக் காட்டல்ல. ரெண்டரை மாசமா ஒரே சுவர் உம்மா. முற்றம் இல்ல, குசினி இல்ல. மீன்காரன்ட சத்தம், பஸ்ஸிட சத்தம், கடல்ட சத்தம் எல்லாம் சொன்னீங்க. கண்ணால கண்டது ஒண்டும் சொல்லல்ல. நானும் உள்ள இரிக்கிறவன்தானே, உள்ள இரிக்கிற ஆக்கள் எப்பிடிக் கதைப்பாங்க எண்டு எனக்குத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு இரிந்தன். ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பின்னால வாப்பாவுக்கு யாசீன் ஓதுறன். ஸலாம் சொல்லுங்க எண்டு உங்களுக்கிட்டப் பொய்யாச் சொல்லத்தான் எனக்கு ஏலாமப் போச்சு. போன கிழம, வாப்பா சோத்தில கைய வச்சிக்கொண்டு எண்டு சொன்னீங்களே… அதுக்குப் பிறகு எனக்குத் தாங்கல்ல.” மூக்கைத் துடைத்தான். “கதவு பூட்டல்ல உம்மா. வரட்டா? நீங்க சொல்றதத்தான் செய்வன்.”

அத்தோடு நின்றுவிட்டது. கமீலா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்” என்று அழுதாள். துஆ மறிபடவில்லை என்ற சந்தோஷம் அவளுக்கு. எனக்குச் சந்தோஷமா, வெட்கமா, தெரியவில்லை. கிழமைக்குக் கிழமை நான் வாப்பாவை வயலுக்கு அனுப்ப, அவன் அங்கே தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். என்னைவிட நன்றாக நடித்திருக்கிறான். நாலாவது காரணம் என்று நான் ஒளித்து வைத்திருந்த அந்த ஒரு ஆளும் எனக்கு இல்லாமல் போயிருந்தான், எப்போது என்றுகூடத் தெரியாமல். அன்றைக்குத்தான் என் புருசன் எனக்கு முழுதாக மௌத்தானார். மழை விடும்வரை அழுதேன்.

பின்னேரம் கமீலா சால்வை இல்லாமல் வந்தாள். நானும் கேட்கவில்லை. வெள்ளையோடு கதிரையில் உட்கார்ந்தேன்.

“என்ன சொல்லப் போறீங்க ராத்தா? வரச் சொல்றீங்களா?”

வா என்று சொல்லத்தான் ஆசை. மகன் வந்தால் இந்த அறைக்குள் வரலாம், இந்தக் கட்டிலில் இருக்கலாம், என் கையைப் பிடிக்கலாம். வீட்டில் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்கும். வராதே என்று சொல்ல அவருடைய அந்தச் சரி அடையாளம் இருந்தது, முகமறியாத அஞ்சு பேர் இருந்தார்கள். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க எனக்குப் பகல் முழுவதும் போதவில்லை.

“பிடி” என்றேன். சிவப்புப் புள்ளி எரிந்தது.

“இண்டைக்கு எழுபத்தொன்பது மகன்” என்றேன். பிறகு தயார்படுத்தி வைத்திருந்த எதுவும் வரவில்லை. அந்த வியாழக்கிழமைக் காலைதான் வந்தது. அதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. வந்தவர்களெல்லாம் எப்படி மௌத்தானார் என்றுதான் கேட்டார்கள், எப்படி எழும்பினார் என்று கேட்கவில்லை.

“சுபஹுக்குப் பின்னால ரெண்டு கோப்ப தேத்தண்ணி குடிச்சார். சீனி கூட எண்டு ஏசினன், கேக்கல்ல. ஒரு பக்கச் செருப்பக் காணல்ல எண்டு வீடு முழுக்கத் தேடினார், கடசியில வாளிக்குப் பின்னால கிடந்திச்சு. அப்பத்தான் ஆரோ ஃபோன் எடுத்து, அறுவட மெஷின் ஏறி வாய்க்கால் கட்டு உடைஞ்சி தண்ணி போகுதெண்டு சொன்னாங்க. மெஷின்காரன நல்லா ஏசினார், உங்களுக்குத் தெரியும்தானே அவரிட ஏச்சு. என்ன ஆணம் எண்டு கேட்டார். கத்தரிக்கா எண்டன். கருவாடும் போடு எண்டார். படலயில நிண்டு திரும்பி, நிப்றாஸுக்கு நாளைக்கு வீடியோ அனுப்பக்குள்ள எனக்கும் கொஞ்ச நேரம் மிச்சம் வையி, நீயே கதைச்சி முடிச்சிடாத எண்டார்…”

கமீலா ஃபோனை இறக்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல், ஃபோனின் அந்தச் சின்னக் கண்ணையே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்து வயல்காரன் கண்டதைச் சொன்னேன். கட்டோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், செருப்பைக் கழற்றி வைத்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், உடைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

சிவப்புப் புள்ளி அணைந்தது. கமீலா என்னையும் ஃபோனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லல்லையே ராத்தா. மிச்சமும் சொல்லல்ல.”

“வாற வெள்ளி சொல்றன்.”

“அதுவரைக்கும்?”

“அனுப்புகா” என்றேன்.

அவள் அனுப்பினாள். இருபது நிமிடத்தில் அது அவனிடம் போய்ச்சேரும். இனி ஒரு கிழமைக்கு அவர் அந்த வாய்க்கால் கட்டில், வெறுங்காலோடு, மடித்துக் கட்டிய சாரத்தோடு, யாரை ஏசலாம் என்று பார்த்தபடி நிற்பார். அவர் காலடியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.